பிள்ளைகளுக்கு ஒரு தென்னை வெண்பா

பிற்கால ஔவையார் பாடிய மூதுரையில் கடவுள் வாழ்த்து நீங்கலாக 30 வெண்பாக்கள் உண்டு. அவற்றுள் முதல் வெண்பா தென்னை மரத்தை உவமையாகக் கொண்டது. தமிழ் எழுத்துக் கூட்டத் தொடங்கும் பிள்ளைகளுக்கு நாம் முதன்முதலில் கற்றுக்கொடுக்கும் பாட்டுக்களுள் அதுவும் ஒன்று. தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இவ்வழக்கம் விட்டுப்போகவில்லை. பொங்கல் விழாவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி பட்டுப் பாவாடையுடன் மேடையேறி, நான்கு அடிகளையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு இறங்கும்போது பெற்றோர் முகத்தில் தோன்றும் பூரிப்பை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்தச் சிறுமிக்குப் பாட்டின் பொருள் தெரியுமா என்று அந்த நேரத்தில் கேட்பது நாகரிகமன்று. ஆயினும் என்றாவது ஒரு நாள் கேட்டுத்தான் ஆகவேண்டும். பொருள் தெரியாத பாட்டு பத்து வயது வரை நாவில் நிற்கும். அதன் பிறகு ஏதாவதோர் இந்தித் திரைப்பாட்டுக்கு இடம் கொடுத்து ஒதுங்கிவிடும்.

நம் மன்றத்தின் சார்பில் ஞாயிறுதோறும் நடைபெறும் தமிழ் வகுப்பில், எட்டு முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகள் இரண்டு ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறார்கள். நான் தமிழ் இலக்கியம் பயின்றவள் அல்லள், தாவரவியல் மாணவி. தமிழாசிரியர் ஒருவர் இவ்வெண்பாவை நடத்தும் முறையில் நடத்த என்னால் இயலாது. மரத்தின் வழியாகப் பாட்டுக்குள் நுழைவதுதான் எனக்குத் தெரிந்த வழி. அவ்வழியில் பிள்ளைகளோடு நடந்தபோது கண்டவற்றை, வேறு நகரங்களில் இதே பணியைச் செய்துவரும் நண்பர்களுக்குப் பயன்படலாம் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாட்டின் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு நாம் ஓர் உதவி செய்கிறோம். செய்துவிட்டு, அதற்குக் கைம்மாறு எந்த நாளில் வந்து சேருமோ என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நிமிர்ந்து நின்று சோர்வில்லாமல் உயர்ந்துகொண்டே போகும் தென்னையைப் பாருங்கள். வேரடியில் வாங்கிக்கொண்ட தண்ணீரை அது உச்சியிலே இளநீராகத் திருப்பிக் கொடுக்கிறதன்றோ? இவ்வளவுதான்.

இவ்வளவு எளிய கருத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வதற்குத் தடையாக முதலில் நிற்பவை மூன்று சொற்கள். அவற்றை ஆசிரியர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கடினமான சொல்லென்றால் பிள்ளை தானே கேட்டுவிடும். தெரிந்த சொல் போலத் தோன்றி வேறு பொருள் தருகிற சொல்லைக் கேட்காது. 'நன்றி' என்பது அப்படிப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு அது 'தேங்க்ஸ்' என்பதற்குத் தமிழ். ஆகவே, ஒருவருக்கு நன்றி சொல்லிவிட்டால் அவர் இளநீர் தருவார் என்று ஒரு சிறுவன் பொருள் சொன்னான். பழந்தமிழில் நன்றி என்பது நன்மை, உதவி. செய்ந்நன்றி என்று திருக்குறள் அதிகாரத் தலைப்பில் வருவதும் அதுவே. அடுத்தது 'தாள்'. வினாத்தாள், விடைத்தாள் என்று பழகிய காதுக்குத் தாள் என்றால் காகிதம்தான். "காகிதம் எப்படி அக்கா தண்ணி குடிக்கும்? மை ஒற்றும் காகிதமா?" என்று கேட்ட சிறுமியை நான் மெச்சினேன், அவளாவது யோசித்திருக்கிறாள். தாள் என்பது அடி, கால் என்று சொன்னதும் பாட்டின் அமைப்பே அவர்களுக்கு விளங்கிவிட்டது. காலால் குடித்துத் தலையால் கொடுக்கும் ஒரு பிராணி! பிள்ளைகள் விரும்பும் விடுகதை போன்றதுதான் இது. மூன்றாவது சொல் 'தெங்கு'. இதற்கு எங்கள் வகுப்பில் உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. பக்கத்து வீட்டு மலையாளக் குடும்பத்தார் தென்னையை இன்றும் 'தெங்ஙு' என்றுதான் சொல்கிறார்கள் என்று ஒரு சிறுவன் சொன்னான். கன்னடத்திலும் அது தெங்குதான். தெங்கின் காய் தேங்காய் என்று கரும்பலகையில் எழுதியதும், நாள்தோறும் சட்னியில் உண்ணும் சொல்லுக்குள் ஒரு பழஞ்சொல் ஒளிந்திருப்பதைக் கண்டு வகுப்பே ஆரவாரித்தது.

சொல் விளங்கினால் போதாது, மரம் வேண்டும். இங்கேதான் தில்லிப் பிள்ளைகளின் குறை இருக்கிறது. இங்குள்ள குளிருக்குத் தென்னை வாழ்ந்து காய்ப்பதில்லை. சாலை ஓரங்களில் அழகுக்காக வளர்க்கும் வேறு பனையினங்களையும், ஊர்ப்புறத்து ஈச்ச மரங்களையும் பார்த்துவிட்டு இவைதாம் தென்னை என்று எண்ணிக்கொள்ளும் பிள்ளைகள் பலர். தேங்காயோ மட்டை உரித்து, குடுமி மட்டும் வைத்துக் கடைக்கு வருகிறது. இளநீர் தள்ளுவண்டியில் வருகிறது. இரண்டும் ஒரே மரத்தின் ஒரே காய் என்பதையே நான் சொல்லித்தான் சிலர் அறிந்தார்கள்.

நான் செய்தது எளிய காரியம். நல்ல தெளிவான தென்னைப் படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு வகுப்புக்குக் கொண்டுபோனேன். தண்டின்மேல் வளையம் வளையமாகத் தெரியும் தழும்புகளைக் காட்டினேன். ஒவ்வொரு தழும்பும் உதிர்ந்துபோன ஒரு மட்டையின் அடையாளம். வளர்ந்த தென்னை ஏறக்குறைய மாதத்திற்கு ஒரு மட்டை வீதம், ஆண்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு வரை புதிதாக விடுகிறது. கொண்டையில் எப்போதும் முப்பது, முப்பத்தைந்து மட்டைகள் இருக்கும். புதியது மேலே விரிய, பழையது கீழே விழும். எனவே தண்டைக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போவது ஒரு பழைய நாட்காட்டியைப் புரட்டுவது போன்றது. "நீ ஒன்பது வயசுப் பையன், மேலேயிருந்து நூறு வளையத்துக்குக் கொஞ்சம் கூட எண்ணிக் கீழே வா, கொண்டையிலே இருக்கிற மட்டைக்கணக்கையும் சேர்த்துக்கோ" என்றேன். பிள்ளைகள் படத்தின்மேல் கவிழ்ந்துகொண்டு எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தி தன் தம்பி பிறந்த மாதத்துத் தழும்பைப் பென்சிலால் குறித்தாள். சோர்வில்லாத வளர்ச்சி என்று பாட்டு சொல்வதை இதைவிட நன்றாக உரையாசிரியர் எவரும் விளக்கிவிட முடியாது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள் உண்மையான மரத்திலே எண்ணிப் பார்க்கலாம், ஏறவேண்டாம்!

இந்தக் கணக்கில் ஒரு துண்டு விழும். தழும்புகளை எண்ணி வயது கண்டால், நட்ட தாத்தா சொல்லும் வயதைவிடச் சில ஆண்டுகள் குறைவாக வரும். காரணம் வேடிக்கையானது. நாட்டுத் தென்னங்கன்றுக்கு முதல் சில ஆண்டுகள் தண்டே வெளியில் தெரியாது. மட்டைமேல் மட்டையாக விட்டுக்கொண்டு, தரையோடு தரையாக நிற்கும். பார்ப்பவர் இது வளரவே இல்லையே என்பார். அந்தக் காலத்தில் அது செய்கிற வேலை மண்ணுக்குள் நடக்கிறது. அடிப்பகுதி தலைகீழாக நிறுத்திய கூம்பு போல அகன்றுகொண்டே போகிறது; வேர்கள் அதைச் சுற்றிப் புறப்படுகின்றன. உரிய பருமன் வந்த பின்னரே மரம் மேலே கிளம்புகிறது. மாமரமும் வேம்பும் அப்படியல்ல. அவை உயர்ந்துகொண்டே ஆண்டுதோறும் தண்டையும் பருக்கச் செய்துகொள்ளும். தென்னைக்கு அந்த வசதி கிடையாது. பட்டைக்குள் இருந்து தண்டைப் பருக்க வைக்கும் வளர்படலம் அதற்கு இல்லை. முதலில் எந்தப் பருமனோடு கிளம்பிற்றோ அந்தப் பருமனே கடைசி வரை. ஆகவே அவசரப்பட முடியாது.

இதைச் சொன்னவுடன், "ஆகையால் பிள்ளைகளே, நீங்களும் இளமையில் அடித்தளத்தை உறுதியாக அமைத்துக்கொண்டு…" என்று தொடங்க ஆசிரியரின் நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும். நீதி வரப்போகிறது என்பதைப் பிள்ளைகள் வெகு தூரத்திலிருந்தே மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். அந்தக் கணமே அவர்கள் கண் சன்னலுக்குப் போய்விடும்.

இனித் தண்ணீருக்கு வருவோம். "காலாலே குடிச்ச தண்ணி தலைக்கு எப்படிப் போகுது?" இது பாட்டு எழுப்பும் கேள்வி, விஞ்ஞானத்தையும் நெடுங்காலம் திணற வைத்த கேள்வி. காற்றின் அழுத்தத்தை மட்டும் நம்பினால், உறிஞ்சும் குழாய் எதுவும் தண்ணீரைப் பத்து மீட்டருக்கு மேல் தூக்க முடியாது. முதிர்ந்த நாட்டுத் தென்னையோ இருபது மீட்டரைத் தாண்டி நிற்கிறது. அதன் உச்சியில் மோட்டாரும் இல்லை. டப்ளினைச் சேர்ந்த டிக்சன், ஜோலி என்னும் இரு அறிஞர்கள் 1894-இல் இதற்கு ஒரு விடை கூறினார்கள். வெயிலில் இலையிலிருந்து நீர் ஆவியாகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. ஆகவே மேலே ஒன்று வெளியேறும்போது அடுத்ததை இழுக்கிறது, அது அதற்கடுத்ததை இழுக்கிறது. மெல்லிய குழாய்களின் வழியே இந்த இழுப்பு வேர் நுனி வரை போய்ச் சேருகிறது. வேரும் ஓரளவு கீழிருந்து தள்ளுவதுண்டு. எனினும் பெரும்பாரத்தைச் சுமப்பது இலையின் இழுப்பே என்பதுதான் இன்றும் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பிள்ளைகளை வரிசையாகக் கை கோத்து நிற்கவைத்து, முதல் பிள்ளையை மெல்ல வாசலை நோக்கி நடக்கச் சொன்னேன். கடைசிப் பிள்ளை தானாக நகர்ந்து வந்தது. நடுவில் ஒருவன் குறும்புக்குக் கையை விட்டான். அவனுக்குப் பின்னாலிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்தால் நடப்பதும் இதுவே என்றேன்.

கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்கிறவர்களுக்குத் தில்லிக் குளிர்காலத்தில் தாராளமாகக் கிடைக்கும் வெள்ளைச் சாமந்தி போதும். காம்பைச் சாய்வாக நறுக்கி, கேசரிப்பொடி கரைத்த நீரில் நிறுத்திவைத்தால் மறுநாள் இதழோரத்தில் நிறம் ஏறியிருக்கும். முதல் முயற்சிக்கு இதைவிட மலிவான கருவி இல்லை.

தென்னையின் குழாய்களில் இன்னொரு விந்தை உண்டு. மாமரம் ஆண்டுதோறும் புதுக் குழாய்களைச் செய்துகொள்கிறது. பழையவை அடைபட்டாலும் கவலையில்லை. தென்னைக்குப் புதுக் குழாய் செய்யும் வழி இல்லை என்று முன்னே சொன்னேன். அறுபது, எழுபது வயதான மரத்தின் அடித்தண்டில் இன்று நீர் ஏறும் குழாய்கள், அப்பகுதி உருவான இளமைக் காலத்தில் அமைந்த அதே குழாய்கள்தாம். ஔவையாருக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தளர்ச்சியின்மையைச் சொல்ல ஒரு மரத்தைத் தேடியவர், ஆலையும் அரசையும் விட்டுவிட்டு இதைப் பிடித்தாரே என்று நான் வியப்பதுண்டு.

இங்கே ஒரு சிறுமி குறுக்கிட்டாள். "அக்கா, தண்ணி ஊத்தினா இளநீர் கிடைக்கும், உதவி பண்ணினா திரும்பக் கிடைக்கும். அப்போ இது பேங்க்கிலே பணம் போடற மாதிரிதானே?" நல்ல கேள்வி. பெரியவர்கள் பலர் இவ்வெண்பாவை அப்படித்தான் படித்திருக்கிறார்கள். பாட்டு கைம்மாறு வரும் என்றே சொல்கிறது. அதை மறைத்து, கைம்மாறே கருதாதே என்று ஔவையார் சொன்னதாகக் காட்டுவது பொய். ஆனால் தென்னை, வங்கி போல நடந்துகொள்வதில்லை என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். நாம் ஊற்றும் நீரில் மிகப் பெரும்பகுதி இலை வழியே ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது. காய்க்குள் தங்குவது மிகச் சிறிய பங்கு. தங்கியதும் நாம் ஊற்றிய அதே தண்ணீராக இருப்பதில்லை. இலை வெயிலைக் கொண்டு செய்த சர்க்கரையும், வேர் மண்ணிலிருந்து பொறுக்கி எடுத்த பொட்டாசியம் முதலிய உப்புக்களும் அதில் கலக்கின்றன. கடற்கரை மணலில் நிற்கும் தென்னையின் இளநீர் கடல்நீரைப் போலக் கரிப்பதில்லை என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம். போட்டது ஒன்று, வருவது வேறொன்று. அளவும் வேறு, சுவையும் வேறு.

நாளும் வேறு. இதைத்தான் நான் மிகுதியாக வற்புறுத்துவேன். பாளை வெடித்துப் பூ வந்து, குரும்பையாகி, இளநீர்ப் பருவம் அடைய ஏழெட்டு மாதம். முற்றிய தேங்காயாக ஓராண்டு. அதோடு முடியவில்லை. அந்தப் பாளை வெளியில் வருவதற்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னரே, உச்சிக் குருத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத சிறு முனையாக அது தோன்றிவிடுகிறது. ஆக, இன்று பறிக்கும் தேங்காயின் கதை மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிற்று. மழை பொய்த்த ஆண்டில் தென்னை உடனே காய்ப்பைக் குறைத்துவிடாது. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் குறையும். நல்ல மழை பெய்தாலும் பலன் அப்படியே தாமதித்து வரும். எந்த வாளி எந்த இளநீராயிற்று என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. எப்போது தருமென்று கேட்க வேண்டாம் என்று பாட்டு சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதுவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. வகுப்பிலே ஒரு சிறுவனுடைய தாத்தா ஊர் பேராவூரணிப் பக்கம். அவன் கேட்டான்: "எங்க தாத்தா தோப்பு முழுக்கப் புயல்ல விழுந்துடுச்சாம். அவர் முப்பது வருஷம் ஊத்தின தண்ணி எங்கே போச்சு?" 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யத்திற்கு அருகே கரையைக் கடந்த கஜா புயலை அவன் கண்டவன் அல்லன், அப்போது அவன் கைக்குழந்தை. ஆனால் அந்த வீட்டில் அதைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை என்பது கேள்வியிலேயே தெரிந்தது. அந்த ஒரே இரவில் தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. தென்னைக்குக் கிளையில்லை; வளரும் முனை உச்சியிலே ஒன்றே ஒன்று. முறிந்த வேம்பு பக்கத்தில் துளிர்க்கும். கொண்டை முறிந்த தென்னை துளிர்ப்பதில்லை.

அவனுக்கு நான் ஆறுதல் சொல்லவில்லை. மூதுரையின் இரண்டாம் பாட்டை எடுத்துக் கருத்தைச் சொன்னேன். நல்லவருக்குச் செய்த உதவி கல்லில் வெட்டிய எழுத்துப்போல் நிலைக்கும். அன்பில்லாதவருக்குச் செய்தது நீர்மேல் எழுதியது போலாகும் என்கிறது அது. முதல் பாட்டில் திரும்ப வருமென்றவர், அடுத்த பாட்டிலேயே வராமல் போவதும் உண்டென்று சொல்லிவிடுகிறார். இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் பாட்டை மட்டும் கொடுத்து நிறுத்தினால், பேராவூரணிப் பையனிடம் ஔவையார் பொய்யராகிவிடுவார். அவன் சற்று யோசித்துவிட்டு, "காத்துக்கு என்னக்கா அன்பு?" என்றான். அதற்கு மூதுரையில் பாட்டு இல்லை. என்னிடமும் விடை இல்லை என்று சொன்னேன். அவன் ஏற்றுக்கொண்டான்.

பிறகு வேறொரு கணக்கில் இறங்கினோம். புயல் ஓய்ந்த மறு ஆண்டு, 2019-இல், தாத்தா மறுபடியும் கன்று வைத்தாராம். குட்டை இனமானால் மூன்று, நான்கு ஆண்டுகளில் பாளை விடும். நாட்டு நெட்டை இனமானால் ஆறு முதல் எட்டு ஆண்டு. ஆகவே நெட்டையென்றால் 2025-க்கும் 2027-க்கும் இடையில் முதற் பாளை. தேங்காய்க்கு இன்னும் ஓராண்டு. எந்த இனம் வைத்தார் என்று அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு வந்தபோது தெரிந்துகொண்டு வந்திருந்தான். நெட்டைதான். தொலைபேசியில் தாத்தாவிடம் மட்டைத் தழும்பு, பாளை, குரும்பை என்று அரைமணி நேரம் தமிழிலேயே பேசினானாம். வீட்டில் இந்தியைத் தவிர வேறு பேசாத பிள்ளை என்று அவன் தாயார் என்னிடம் முன்பு குறைப்பட்டுக்கொண்டது உண்டு.

இவ்வெண்பாவுக்கு எங்களுக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பொங்கல் மேடைக்கு ஆறு பாட்டாவது வேண்டாமா என்று சில பெற்றோர் கேட்டார்கள். இந்த ஆண்டு இரண்டுதான் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்து எடுக்கப்போவது ஐந்தாம் பாட்டு. ஓங்கி வளர்ந்த மரமாயினும் பருவம் வந்தால்தான் பழுக்கும் என்பது அதன் உவமை. அதற்கு நல்ல வேளையாகத் தென்னையைத் தேட வேண்டியதில்லை. வகுப்பு நடக்கும் கட்டடத்திற்குப் பின்னால் ஒரு மாமரம் நிற்கிறது. குளிர் விட்டதும் பூக்கும். சூன் மாதத்தில் காய் முற்றும். ஆளுக்கொரு பூங்கொத்தில் நூல் கட்டி வைத்து, எத்தனை பூ எத்தனை காயாயிற்று என்று எண்ணப் போகிறோம்.